எது பழுது? யார் குற்றவாளி?



நடுவீதியில் ஒரு மோட்டார்க் கார் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாரதி இறங்கிப் பொனற்றைத் திறந்து குனிந்து பார்ப்பார். ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து பேர் கூடிவிடுவர். பற்றரி என்பார் ஒருவர். பிளக் என்பார் இன்னொருவர். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார், தாமும் அதே கார் வைத்திருக்கும் மூன்றாமவர். இதுவரையில் நடப்பது நல்ல காரியமே. ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று மனிதர் கூடி யோசிக்கிறார்கள். பிறகு ஒருவர் கேட்பார்: “கடைசியாய் எந்தக் கராஜில குடுத்தனீங்கள்?”

அந்தக் கேள்வி கேட்கத் தகாததல்ல. ஆனால் பெரும்பாலும் அதோடு எஞ்சினைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. மனிதனைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. எது பழுது என்று தேடியவர்கள், யார் குற்றவாளி என்று தேடத் தொடங்குகிறார்கள். முதலாவது தேடலுக்கு ஸ்பானர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டாவதற்கு நாக்கு ஒன்றே போதும். இந்த இரண்டு கேள்விகளையும் நாம் ஒன்றாக்கிவிடுவதால் அயலானுக்கு நேரும் அநியாயத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

இத்தகைய வாக்குவாதத்துக்கு எங்கள் குடாநாட்டைப்போல் இடங்கொடுத்த ஊர் வேறு இருக்குமோ தெரியாது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் நின்றது. பற்றரிக்கும் தடை இருந்தபடியால், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அந்த நாட்களில் வீதியில் ஓடிய சில கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புதிய கார்களால் அது முடியவில்லை. பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற, அமுக்கம் குறைந்த எஞ்சினுள்ள இங்கிலாந்துக் கார்களே அந்தச் சிலுவையைச் சுமந்தன. ஊசிக்குழாயில் சிறிது பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் வீதியை நிறைக்கும். ஆனாலும் நோயாளி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கர்ப்பிணிப் பெண் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உழவு இயந்திரங்கள் பல இதே முறையில் ஓடின. பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றுவது அங்கே வழக்கமாயிருந்தது. ஆனால் அந்த எஞ்சின்களை அதற்கென்றே அமைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தது. காரணம் எளிது. பெற்றோல் இலேசில் ஆவியாகும், மண்ணெண்ணெய் அப்படியல்ல. எரியாமல் மிஞ்சிய துளிகள் சிலிண்டர்ச் சுவர் வழியே, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழேயுள்ள ஒயிலுக்குள் இறங்கிவிடும். ஒயில் நாளுக்கு நாள் தண்ணீர்போல் ஆகும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நின்று தாங்கவேண்டிய ஒயிற்படலம் மெலிந்துபோகும். பிறகு பெயாரிங் தேயும். ஒரு நாள் “டக், டக்” என்ற சத்தத்தோடு கார் நிற்கும்.

இதில் ஏமாற்றும் சங்கதி ஒன்று உண்டு. ஒயிற்குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைந்திராது. சில வேளை கூடியும் இருக்கும்! ஒயில் இருக்கிறது என்று உடைமைக்காரர் நிம்மதியடைவார். குச்சி பொய் சொல்லவில்லை; எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அது சொல்கிறது. என்ன இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். எனது உறவில் பெரியப்பா முறையான ஒருவர் ஓர் ஏ40 வைத்திருந்தார். 1992ஆம் ஆண்டு அந்தக் காரின் எஞ்சினை ஊரிலுள்ள ஓர் இளைஞன் இறக்கிப் பூட்டினான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வீட்டு மாமரத்தின் கீழ்தான் அவனுடைய கராஜ். வேலை முடித்துக் கொடுக்கும்போது அவன் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்: “ஐயா, ஒயிலைக் கெதி கெதியாய் மாத்த வேணும். மண்ணெண்ணெய் கீழ இறங்கும்.” பெரியப்பா சிரித்தார்: “தம்பி, ஒயிலுக்கு நான் எங்க போறது?”

இரண்டு மாதம் கழித்து, இரவில் ஒரு நோயாளியை ஏற்றிச் செல்லும் வழியில் எஞ்சின் தட்டத் தொடங்கி நின்றுவிட்டது. நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெய்வாதீனமாக அவர் பிழைத்தார். ஆனால் அடுத்த நாள் காலை, கார் வைத்திருந்த நாலைந்து பேர் பெரியப்பாவின் முற்றத்தில் கூடினார்கள். மண்ணெண்ணெய்தான் காரணம் என்றார் ஒருவர். அப்படியென்றால் என் கார் மட்டும் எப்படி ஓடுகிறது என்றார் மற்றவர். சாரதி சூடேறுமுன் மாற்றிவிட்டான் என்றார் வேறொருவர். சாரதி தன் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணி மறுத்தான். ஒயில் சரியாக இருந்தது, நானே குச்சியில் பார்த்தேன் என்றார் பெரியப்பா. அவர் பொய் சொல்லவில்லை. கடைசியில் மிஞ்சியவன் ஒருவன்: அங்கே இல்லாதவன். நட்டை ஒழுங்காக இறுக்கியிருக்கமாட்டான் என்றார் ஒருவர். நல்ல பெயாரிங்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசைப் போட்டிருப்பான் என்றார் இன்னொருவர். ‘இறுக்கியிருக்கமாட்டான்’ என்பது மாலைக்குள் ‘இறுக்கவில்லை’ ஆயிற்று. ‘போட்டிருப்பான்’ என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் ‘போட்டான்’ ஆயிற்று. அதை நானும் இரண்டு மூன்று பேருக்குச் சொன்னேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

அவன் வந்து, “கழட்டிப் பாப்பம் ஐயா” என்று கேட்டான். பெரியப்பா அவனைத் தொடவிடவில்லை. உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் கழற்றி என்ன பயன் என்று வேறு எவரும் கழற்றவுமில்லை. மாமரத்தின் கீழ் வேலை குறைந்துபோயிற்று. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவனும் தாயோடு போனான். நாங்கள் 1996இல் திரும்பி வந்தோம்; அவன் வரவில்லை.

கார் கொட்டிலிலேயே கிடந்தது. ரயர்கள் இல்லை, எஞ்சின் இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்து உதிரிப்பாகங்கள் வரத் தொடங்கியபின், அடுத்த ஆண்டு பெரியப்பா அதைக் கழற்றுவித்தார். நானும் நின்றேன். நட்டுகள் அத்தனையும் அசையாத இறுக்கத்தில் இருந்தன. பெயாரிங்குகள் அவன் சொன்ன அளவில், புதிதாய்ப் போட்டவையே; ஆனால் உலோகம் வழிந்து தேய்ந்திருந்தது. கீழ்த்தொட்டியில், குறித்த அளவுக்கு மேலேயே ஒயில் இருந்தது. விரலில் தொட்டால் பிசுபிசுப்பில்லை. பதினொரு வருடம் கழிந்தும் மண்ணெண்ணெய் மணத்தது.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை.

வாசகரே, இனி நாம் நிதானமாக யோசிப்போம். பழுதுக்குக் காரணம் எது? ஒயில் கெட்டது. ஒயில் ஏன் கெட்டது? மண்ணெண்ணெய் இறங்கியது. மண்ணெண்ணெய் ஏன்? பெற்றோல் இல்லை. பெற்றோல் ஏன் இல்லை? தடை. தடை ஏன்? போர். இப்படிக் காரணத்துக்குக் காரணம் தேடிப் போனால் அது எங்கேயும் நிற்காது. எந்தப் பழுதுக்கும் காரணம் ஒன்றல்ல. அது ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் எந்த வளையத்தைப் பிடித்து ‘இதுதான்’ என்று காட்டுகிறோம் என்பது, பல வேளைகளில் எஞ்சினைப் பற்றி அல்ல, எங்களைப் பற்றியே சொல்கிறது. கார்க்காரருக்கு மெக்கானிக் குற்றவாளியாக இருப்பது வசதி. மெக்கானிக்குக் கார்க்காரர் குற்றவாளியாக இருப்பது வசதி. மண்ணெண்ணெயில் ஓடும் மற்றக் கார்க்காரருக்கோ, குற்றம் மண்ணெண்ணெயில் இல்லாதிருப்பது வசதி. இல்லையென்றால் நாளைக்கு அவர் காரும் நிற்குமல்லவா? முற்றத்தில் கூடிய எவரும் கெட்டவர் அல்லர். தமக்கு இலாபமான காரணத்தை நம்பினார்கள், அவ்வளவே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எங்கள் முன்னோர் சொல்லிவைத்தது இதைத்தான்.

புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியற் பெருநூலில் தீர்ப்பிடுதலைப் பற்றிப் பேசும்போது ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருள்களைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு. மனிதரைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு என்கிறார் அவர். பொருளை உள்ளது உள்ளபடி தீர்க்கவேண்டும். அங்கே தயவு தேவையில்லை. தேய்ந்த பெயாரிங்கை நல்லது என்று சொல்வதால் அதற்கு ஒரு நன்மையும் இல்லை. மனிதன் விடயத்திலோ, சந்தேகம் இருக்கும்வரை நல்ல பக்கத்தையே எடுக்கவேண்டும். அப்படியானால் நாம் அடிக்கடி ஏமாறுவோமே என்பீர்கள். ஆம், ஏமாறலாம் என்று அவரும் ஒத்துக்கொள்கிறார். கெட்டவனை நல்லவன் என்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவன் என்று எண்ணி அருமையாக ஒருமுறை ஏமாறுவதைவிட மேலானது என்பது அவர் முடிவு. முன்னையதில் அயலானுக்கு அநீதி இல்லை, பின்னையதில் உண்டு.

அவர் அப்பாவி அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். தீங்கைத் தடுப்பதற்காக மோசமானதை எதிர்பார்த்து முன்னேற்பாடு செய்யலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். ஆகவே, கராஜிலிருந்து வந்த காரின் பிறேக்கை நீங்களே ஒருமுறை மிதித்துப் பார்ப்பதில் பாவமில்லை, அது விவேகம். ‘அவன் பிறேக்கைச் சரியாகப் பூட்டியிருக்கமாட்டான்’ என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுதான் பாவம். முன்னையது எஞ்சினைச் சோதிப்பது. பின்னையது மனிதனைத் தண்டிப்பது.

இந்தக் குணம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சாட்சியும் சட்டமும் நிறைந்த நாடுகளிலும் இதுவே நடக்கிறது. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் இளம்பெண் ஓட்டிச் சென்ற கார் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. அருகிலிருந்த இளைஞன் இறந்தான். ஓட்டியவள் அவள்; ஆகவே குற்றவாளி அவள் என்று எல்லாரும் முடிவு செய்தனர். அவளும் குற்றத்தை ஏற்றுத் தண்டனை பெற்றாள். பத்து வருடம் கழித்து, 2014இல், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திருப்பி அழைத்தது. அவற்றின் சாவிச் சுவிச்சு, ஓடும்போதே தானாகத் திரும்பி எஞ்சினை நிறுத்திவிடக் கூடியதாக இருந்தது. எஞ்சின் நின்றால் ஸ்ரியறிங் கனத்துவிடும். ஆளைக் காக்கும் காற்றுப்பையும் விரியாது. அந்தப் பழுதால் நேர்ந்தவை என்று நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்தப் பெண்ணின் காரும் அவ்வகைக் கார்களில் ஒன்று. அதே ஆண்டில் நீதிமன்றம் அவள்மீதிருந்த தீர்ப்பை நீக்கியது. ஒரு சிறு சுவிச்சுக்குப் பதிலாக ஒரு பெண் பத்து வருடம் தன் மனச்சாட்சியில் கொலைப்பழி சுமந்தாள்! நிறுவனத்துக்குள் சிலர் அந்தச் சுவிச்சின் குறையைப் பல வருடங்களாகவே அறிந்திருந்தார்கள் என்பது இன்னும் கசப்பான செய்தி.

இதிலிருந்து, குற்றம் என்றும் பொருளுக்கே உரியது, மனிதனுக்கு ஒருபோதும் இல்லை என்று முடிவு செய்துவிடவேண்டாம். சுவிச்சு தானாக உருவாகவில்லை. அறிந்தும் பேசாதிருந்தவர்கள் மனிதர்களே. மனிதனுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் அது அவன் அறிந்திருந்த அளவுக்கும், அவனால் செய்யக்கூடியதாயிருந்த அளவுக்குமே உண்டு. பெரியப்பாவை எடுங்கள். ஒயிலை மாற்றவேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, அறிந்திருந்தார். ஆனால் ஒயில் கிடைக்கவில்லை. அந்தக் காரை ஓட்டாமலே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இரவில் நோயாளியை ஏற்றுவது யார்? எஞ்சின் கெட்டதற்காக அவரைக் குற்றவாளி என்று சொல்ல என்னால் முடியாது. அவருடைய குற்றம் எஞ்சினில் இல்லை. கழற்றிப் பார்ப்போம் என்று கேட்டவனைத் தொடவிடாமல் அனுப்பினாரே, அங்கேதான் இருந்தது. என்னுடையது, கேள்விப்பட்டதை மூன்று பேருக்குச் சொன்ன இடத்தில் இருந்தது.

நற்செய்தியிலும் இப்படி ஒரு பழுது வருகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததை ஆண்டவர் குறிப்பிடுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளாயிருந்திருப்பார்கள் என்பதே அன்றைய பேச்சு. அது தவறு என்று அவர் வெட்டிச் சொல்லி, கேட்டவர்களைத் தங்கள் பக்கமே திரும்பிப் பார்க்கச் செய்கிறார் (லூக்கா 13). கோபுரம் ஏன் விழுந்தது என்பதை அத்திவாரத்தில் தேடவேண்டும். இடிபாட்டின் கீழ் கிடப்பவனின் ஒழுக்கத்தில் அல்ல.

மீண்டும் எங்கள் ஊருக்கு வருவோம். அந்த இளைஞன் வன்னியில் கிளிநொச்சிப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறான் என்று விசாரித்து அறிந்து, 2003இல் பெரியப்பா பஸ் ஏறிப் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். தேநீர் எடுப்பித்தான். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. நாங்கள் எழும்பும்போது மட்டும் சொன்னான்: “எனக்குச் சொன்னது சரி ஐயா. எனக்குத் தெரியுந்தானே நான் இறுக்கினது. அதை ஊரில சொல்லுங்கோ.”

திருடிய பொருளைத் திருப்பிக் கொடாமல் திருட்டுப் பாவத்துக்குப் பரிகாரமில்லை என்று எங்கள் எல்லாருக்கும் ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்தார்கள். பறித்த நற்பெயரையும் அப்படியே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் எட்டாம் கட்டளையின் போதனைதான். ஆனால் அதை நாம் மறந்துவிடுகிறோம். பாவத்தை அறிக்கையிட்டால் கடவுள் மன்னிக்கிறார், உண்மை. ஆனால் நாம் கெடுத்த பெயர் அயலவரின் வாயில் இன்னும் கெட்டபடியே இருக்கிறது. எங்கே கெடுத்தோமோ அங்கேதான் அதைக் கட்டி எழுப்பவேண்டும்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பெரியப்பா கோயில் முற்றத்தில் நின்று, அறிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். கேட்டவர்களில் சிலருக்கு அந்தக் கதையே ஞாபகமில்லை. அன்று முற்றத்தில் கூடியிருந்த நாலைந்து பேரில் இருவர் கனடாவில், ஒருவர் இறந்துவிட்டார். வதந்தி போன இடமெல்லாம் உண்மையால் போக முடியவில்லை. போகக்கூடிய இடத்துக்காவது அவர் அதைக் கொண்டுபோனார்.

இன்றைக்கு எங்கள் வீதிகளில் ஏ40 அருமை. பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தோடும் யப்பானியக் கார்கள் வந்துவிட்டன. கராஜில் கணினியைப் பூட்டினால் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. இனிமேல் வாக்குவாதமே இராது என்று நினைத்தோம். ஆனால் அந்த எண், எந்த இடத்தில் குறை தென்படுகிறது என்று சொல்கிறதேயன்றி, அது எதனால் வந்தது என்று சொல்வதில்லை. பெரிய பற்றரி பழுதாகிறது. விற்றவர் ஏமாற்றினார் என்கிறார் வாங்கியவர். வாங்கியவர் பராமரிக்கவில்லை என்கிறார் விற்றவர். பற்றரிக்குக் குளிர்காற்றுத் தரும் விசிறியின் வடியில் தூசி அடைத்திருந்ததா என்று பார்ப்பவர் யார்? முன்பு ஒயிற்குச்சியை நம்பினோம். இப்போது கணினித் திரையை நம்புகிறோம். முன்பு ஒரு கதை ஊரைச் சுற்ற ஒரு கிழமை எடுத்தது. இப்போது கராஜின் பெயரோடு ஒரு நிமிடத்தில் கைத்தொலைபேசியில் கடல் கடந்து போகிறது.

ஆகவே, கார் வைத்திருக்கும் குடும்பத் தலைவர்களே, உங்கள் வாகனம் அடுத்த முறை வீதியில் நிற்கும்போது, பின் ஆசனத்தில் உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள். நீங்கள் முதலில் என்ன சொல்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். “என்ன பழுதெண்டு பாப்பம்” என்று நீங்கள் சொன்னால் ஒரு பாடம் படிப்பார்கள். “அவன்தான் செய்திருப்பான்” என்று சொன்னால் இன்னொரு பாடம் படிப்பார்கள். அந்தக் கார் எப்படியும் ஒரு நாள் திருத்தப்பட்டு ஓடும். பிள்ளைகள் படித்த பாடம் அவர்களோடு கூடவே போகும்.